ஐயாதுரையின் அரை மணி நேரம்

கிறிஸ்தவச் சபையில் சாட்சி சொல்வதற்குச் சில தகுதிகள் வேண்டும். குடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் பெண்டாட்டியை அடித்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் சீட்டாவது ஆடியிருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் மனந்திரும்பியிருக்க வேண்டும். எழுந்து நின்று இவற்றை வரிசையாகச் சொன்னால், மூச்சு வாங்க நிறுத்தும் இடத்திலெல்லாம் ஒரு ஸ்தோத்திரம் கிடைக்கும். இராஜபாளையம் ஐயாதுரைக்கு இந்தத் தகுதிகளில் ஒன்றுகூட இல்லை. அவர் பீடி பிடித்ததில்லை. மனைவி செல்லத்தாயை அதட்டியதுகூட இல்லை. அதட்டினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். "அண்ணாச்சிக்கு என்ன, ரட்சிக்கப்பட்டே பொறந்தவரு" என்று சபையில் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சிரிப்பார்.

அவர் வாழ்க்கையில் சொல்லத்தக்க பாவம் ஒன்றே ஒன்றுதான். அதையும் அவர் சபைக்காகத்தான் செய்தார்.

ஊருக்குக் கிழக்கே, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி தயாரிக்கும் ஒரு யூனிட்டில் அவருக்கு வேலை. துணியை மடித்துப் பொட்டலமாக்கித் தகர டிரம்களில் அடுக்குவார்கள். டிரம்களை ஆட்டோகிளேவில் ஏற்றி, நீராவியில் வேகவைப்பது ஐயாதுரையின் பொறுப்பு. அழுத்தமானியின் முள் பதினைந்தைத் தொட்ட பிறகு அரை மணி நேரம் வைக்க வேண்டும். வெந்த துணி, வேகாத துணி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. இரண்டும் ஒரே வெள்ளைதான். அதற்காகவே ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு டேப் ஒட்டுவார்கள். டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். சூடு ஏறினால் கோடுகள் கறுக்கும். டாக்டர் கறுப்பைப் பார்த்துவிட்டுத்தான் டிரம்மைத் திறப்பார்.

1984 டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி மாலை ஆறு மணிக்கு. பாடகர் குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆறு அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார். பிந்தி வருகிறவர்களுக்கு ஆண்டவரின் பிறப்பில் பங்கில்லை என்பது அவர் கொள்கை. குழுவில் கீழ்க்குரல் பாடுவதற்கு ஐயாதுரையை விட்டால் ஆள் கிடையாது. அன்று பாய்லருக்கு வந்த விறகு ஈரம். மணி ஐந்தரை, முள் எட்டிலேயே நின்றது. ஐந்து டிரம் உள்ளே இருந்தது, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டிய வேன் வெளியே ஹாரன் அடித்தது.

ஐயாதுரை ஐந்து துண்டு டேப் கிழித்தார். பாய்லரிலிருந்து வரும் நீராவிக் குழாயின் மேல் ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினார். ஒரு துண்டுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கோடுகள் கன்னங்கரேலென்று கறுத்தன. எடுத்து ஒட்டினார். சீட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சபைக் கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். அன்று கீழ்க்குரல் மிக நன்றாக இருந்தது என்று தலைமையாசிரியரே பாராட்டினார். அந்த மாதத்தில் மேலும் மூன்று நாள் விறகு ஈரமாக இருந்தது.

பொங்கல் முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து ஏழு டிரம் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதமும். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்; கோபம் வந்தால் அது வெளியிலும் எட்டிப் பார்க்கும். ஐயாதுரையைக் கூப்பிட்டுச் சீட்டைக் காட்டினார்.

"ஏமய்யா, இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா மொதலாளி."

"மூணு பேருக்குச் சீழ் வச்சிருக்காம். ஒருத்தனுக்குக் காலையே எடுத்துட்டாங்களாம்."

ஐயாதுரை வாயைத் திறந்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ ஒண்ணும் சொல்லாதே. நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சு போயிரும்."

ஏழு டிரம் துணியும் பாய்லரில் எரிந்தது. அது மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது. மூன்று மாதத்தில் ஐயாதுரை சூப்பர்வைசர் ஆனார். வேலையை விட்டு நீக்கினால் ஊருக்குக் காரணம் சொல்ல வேண்டும். உயர்த்தினால் யாரும் காரணம் கேட்பதில்லை.

அந்த மூன்று மாதமும் அவர் முழங்காலில் நின்றார். செல்லத்தாய்க்கு மூட்டுவலித் தைலம் தேய்க்கும் வேலை வந்ததே தவிர விஷயம் தெரியவில்லை. பெரிய வெள்ளியன்று, மும்மணி ஆராதனை முடிகிற நேரத்தில், தமக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டதாக அவர் உணர்ந்தார். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. கடைசிவரை அந்த மன்னிப்பை அவர் சந்தேகப்பட்டதே கிடையாது. அன்றிலிருந்து ஒரு லோடுகூட இருபத்தொன்பது நிமிடத்தில் வெளியே வந்ததில்லை. வேன் டிரைவர்கள் அவரைத் திட்டினார்கள். பாவம் கடலின் ஆழத்தில் போடப்பட்டுவிட்டது என்று நம்பி, ஆறு வருடம் நிம்மதியாகத் தூங்கினார்.

1991 கார்த்திகை மழையில் ஒரு நாள், கொழுந்தியாள் வீட்டுக்குப் போய்விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் ஒதுங்கி நின்றார். பஸ் நேரம் அறிவிக்கும் அறைச் சன்னலை ஒட்டி நின்றதால் உள்ளே பேசுவது கேட்டது. மைக்கில் அறிவிக்கிறவர் காளிராஜ். பழைய தனியார் பஸ் கண்டக்டர். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. புதிதாக வேலைக்கு வந்த டிரைவர் ஒருவர், கால் எப்படிப் போனது என்று கேட்டார்.

"படியில ஒரு தகரம் கிழிச்சது. எம்புட்டு? இந்தா, இம்புட்டுத்தான்" என்று காளிராஜ் விரல் நுனியைக் காட்டினார். "தையல் போட்டுக் கட்டுனாக. நாலாம் நாள் காலு பூசணிக்கா மாதிரி வீங்கிருச்சு. எண்பத்தஞ்சு பொங்கலை எங்க வீட்டுல ஆஸ்பத்திரி வாசல்லதான் பொங்குனாக." ஆஸ்பத்திரியின் பெயரையும் சொன்னார். பிறகு மைக்கைத் திருப்பி, இராஜபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் பஸ் புறப்படத் தயாராக இருப்பதை அறிவித்தார்.

ஐயாதுரைக்கு அந்தக் குரல் பழக்கம். ஐந்து வருடமாக அதைக் கேட்டுத்தான் பஸ் ஏறிக்கொண்டிருந்தார். கடலின் ஆழத்தில் கிடக்க வேண்டியது, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் மைக் பிடித்து உட்கார்ந்திருந்தது.

அவர் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் செல்லத்தாயிடம் சொன்னார். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஆறு வருசம் கழிச்சுச் சொன்னா அந்தாளுக்குக் காலு மொளைக்கவா போகுது?"

"மொளைக்காது."

"பொறவு? நம்ம ஜெபக்கனிக்குச் சிவகாசியில பேசிக்கிட்டிருக்கோம். அது தெரியுமா, மறந்து போச்சா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பேசுதீகளா? எண்பத்தஞ்சுல சொல்லியிருந்தா நான் கூடவே வந்து கால்ல விழுந்திருப்பேன். இப்ப எம்மகளையும்லா விழ வைக்கீக."

செய்தது அவர் ஒருவர். விளைவு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் வரும்.

ஐயரிடம் போனார். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஐயர் நல்லவர், நிதானமானவர்.

"அந்தத் துணியாலதான் கால் போச்சுன்னு என்ன நிச்சயம் ஐயாதுரை? ஆஸ்பத்திரியில் ஆயிரம் இருக்கு."

"நிச்சயமாத் தெரியாதுங்கையா. டேப்பைக் குழாயில வச்சது நான்கிறது நிச்சயமாத் தெரியும்."

"கர்த்தர் மன்னிச்சிட்டாருன்னு நம்புறீங்கல்ல?"

"நம்புறேன். அவருக்கும் எனக்கும் கணக்குத் தீந்துபோச்சு. காளிராஜுக்குத்தான் இன்னும் ஒண்ணுமே தெரியாது."

ஜெபித்து, காத்திருந்து பார்க்கும்படி ஐயர் சொன்னார். ஐயாதுரை ஜெபித்தார். காத்திருக்கத்தான் அவரால் முடியவில்லை. ஏற்கெனவே ஆறு வருடம் காத்திருந்தாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, காளிராஜின் வேலை முடியும் மூன்று மணிக்கு அந்த அறைக்குள் போனார்.

நின்றபடியே சொன்னார். ஈர விறகு, டேப், குழாய், பாட்டுப் பயிற்சி எல்லாவற்றையும் சொன்னார். பாட்டுப் பயிற்சியை விட்டுவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவர், அதையும் சொன்னார். காளிராஜ் முதலில் "உக்காருங்க அண்ணாச்சி" என்றவர், முடியும்போது வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டுப் பாடவா?"

"ஆமா."

"நல்லாப் பாடுனீரா?"

"பாடுனேன்."

காளிராஜ் ஊன்றுகட்டையை எடுத்து மேசைமேல் ஓங்கி அடித்தார். கட்டை மைக் சுவிட்சைத் தட்டிவிட்டதால் பஸ் நிலையம் முழுவதும் இடி இடித்தது. சோடா குடித்துக்கொண்டிருந்த இரண்டு கண்டக்டர்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களைப் போகச் சொல்லிவிட்டு, மைக்கை அணைத்தார்.

"இப்ப நான் என்ன சொல்லணும்? மன்னிச்சிட்டேன், போயிட்டு வாரும்னா?"

"அப்படிக் கேக்க வரல. போலீசுக்குப் போகணும்னாலும் போங்க. வந்து எழுதிக் குடுக்கேன்."

"போலீசு காலைத் தேடித் தருவானாக்கும்." ஊன்றுகட்டையை மடியில் கிடத்திக்கொண்டார். "மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீரு போயிருவீரு. நான் சொல்ல மாட்டேன். எம்மச்சினன் வெள்ளிக்கிழமை தவறாம ஆண்டாள் கோயிலுக்கு என்னயக் கூட்டிட்டுப் போவான். ஆடி மாசம் துபாய்க்குப் போயிட்டான். உள்ள கல்தரை, எண்ணெய்யும் தண்ணியுமாக் கெடக்கும், கட்டை வழுக்குது. தோள் குடுக்க ஆள் வேணும். வாரீரா?"

கேட்டவருக்கு அது முடியாது என்று தெரிந்தே இருந்தது. சபைக் கமிட்டி மெம்பர் ஒருவர் கோயிலுக்குள் தோள் கொடுப்பதாவது.

"எத்தனை வெள்ளிக்கிழமை?" என்றார் ஐயாதுரை.

"எனக்குக் காலு மொளைக்கிற வரைக்கும்."

அன்றே தொடங்கினார்கள். வாடகைச் சைக்கிள் கேரியரில் காளிராஜை ஏற்றி, கோயில்வரை மிதித்தார் ஐயாதுரை. கொடிமரம்வரை தோள் கொடுத்தார். அங்கே, இந்துக்கள் அல்லாதவர்கள் இதற்கு அப்பால் போகக்கூடாது என்று பலகை இருந்தது. ஐயாதுரை அதை முழுவதும் படித்துவிட்டு நின்றார்.

"ஒம்ம மொகத்துல எழுதியா ஒட்டிருக்கு? வாரும்" என்றார் காளிராஜ்.

"ஒட்டித்தான் நான் கெட்டேன். இனி வேண்டாம்."

காளிராஜ் ஒருகணம் அவரைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாகப் போன வேறொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். தரிசனம் முடிந்து திரும்ப அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணியும் ஐயாதுரை கொடிமரத்தருகே, கையில் ஊன்றுகட்டையோடு நின்றார். மனதுக்குள் ஜெபித்தார் என்று நினைக்கலாம். ஆனால் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

ஏழெட்டு மாதத்தில் விஷயம் சபைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆண்டாள் கோயில் வாசலில் அவரைப் பார்த்தவர்கள் மூன்று பேர். ஐயாதுரை மதம் மாறிவிட்டார் என்பது முதல் வாரச் செய்தி. ஆண்டாளுக்கு மாலை கட்டுகிறார் என்பது இரண்டாம் வாரச் செய்தி. மூன்றாம் வாரம் ஐயர் அவரைக் கூப்பிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை நானே சொல்லிடறேன். கால் இல்லாத ஒருத்தருக்கு நம்ம ஐயாதுரை இரக்கத்தின் ஊழியம் செய்றாரு, அதைத் தப்பா எடுத்துக்கக் கூடாதுன்னு. பொய் ஒண்ணும் இல்லையே."

உண்மையில் பொய் ஒன்றும் இல்லை. சபையில் யாராவது ஆரஞ்சுப் பழத்தோடு காளிராஜைப் பார்க்கக்கூடப் போவார்கள். ஜெபக்கனியின் சம்பந்தத்துக்கும் அது நல்லது. சிவகாசிக்காரர்கள் இரக்கமுள்ள குடும்பம் என்று சந்தோஷப்படுவார்கள். ஐயாதுரைக்குத் தேவையானதெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பது மட்டும்தான்.

"அதுவும் டேப் ஒட்டுறதுதாங்கையா" என்றார் ஐயாதுரை.

அந்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் அவர் எழுந்தார். முப்பது வருடத்தில் முதல் முறை. சபை ஆவலோடு திரும்பியது. "நான் எண்பத்துநாலு டிசம்பர்ல ஒரு பாவம் செஞ்சேன்" என்று நிறுத்தியபோது, பழக்க தோஷத்தில் பின்வரிசையில் ஒருவர் ஸ்தோத்திரம் என்றுவிட்டார். பிறகு ஒரு ஸ்தோத்திரமும் வரவில்லை. யூனிட்டின் பெயரையோ முதலாளியையோ அவர் எடுக்கவில்லை. டேப்பையும் குழாயையும் காலையும் சொன்னார். "ஊழியம்னு யாரும் நெனைச்சிரக் கூடாது. நான் எடுத்த காலுக்குப் பதிலா நிக்கேன். அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அப்போது எழுபத்தைந்து வயது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த டிசம்பரிலிருந்து அவர் கதவைச் சாத்துவதை நிறுத்திவிட்டார்.

மற்றவை வரிசையாக வந்தன. யூனிட்டின் பெயரைச் சொல்லாததால் பயனில்லை. ஐயாதுரை எங்கே வேலை செய்கிறார் என்பது ஊருக்கே தெரியும். முதலாளி கோபப்படக்கூட இல்லை. வருத்தத்தோடுதான் கேட்டார்.

"ஏமய்யா, ஏழு வருசம் நான் வாயை மூடிட்டிருந்தேன். உனக்கு என்ன கேடு?"

சூப்பர்வைசர் வேலை போயிற்று. ஏழாண்டுகளில் அந்த ஊரிலேயே துணியை முழுசாக வேகவைத்த ஒரே ஆள் அவர்தான். வேகவைக்கும் வேலை தர இனி யாரும் தயாராக இல்லை. கழிவுப்பஞ்சு சேமிக்கும் கிட்டங்கி ஒன்றில் மூட்டை எடை போடப் போனார். சிவகாசிக்காரர்கள் ஒரு கார்டு எழுதினார்கள். தங்களுக்கு இன்னும் அவகாசம் தேவைப்படுவதாக. ஜெபக்கனி இரண்டு வருடம் அப்பாவிடம் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு, "அம்மா, சாப்பிடச் சொல்லு" என்று, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்குத் தூது அனுப்புவாள். அவளுக்கு நான்கு வருடம் பிந்தி, ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவரோடு கல்யாணம் ஆயிற்று. அந்த மாப்பிள்ளை எல்லாம் தெரிந்தே கட்டினார். ஆனாலும் போன நான்கு வருடம் போனதுதான். அதை மகள் சொல்லிக்காட்டியபோதெல்லாம் ஐயாதுரை ஆமாம் என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மட்டும் தவறவில்லை. எடை போடும் வேலையில் வெள்ளி மதியத்துக்குக் கூலி கிடையாது என்று பேசியே சேர்ந்திருந்தார்.

1996இல் ஒரு முகாமில் காளிராஜுக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். அந்த வெள்ளிக்கிழமை அவர் தாமாகவே எழுந்து, அறைக்குள் நாலு எட்டு நடந்து காட்டினார்.

"காலு மொளைச்சிருச்சு வே. நம்ம ஒப்பந்தம் முடிஞ்சுது."

ஐயாதுரை குனிந்து பார்த்தார். "எங்க, கழட்டுங்க பாப்போம்."

கட்டையான காலின் முனையில் தோல் உரசிச் சிவந்து, ஓரிடத்தில் கொப்புளம் கட்டியிருந்தது. ஐயாதுரை அன்று அதைப் பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம் ஒரு சின்னத் தகர டப்பாவோடு வந்தார். உள்ளே சதுரம் சதுரமாக மடித்த கட்டுத்துணி. வீட்டில் குக்கரில் வைத்து வேகவைத்தது. "சோறு வைக்கிற குக்கர்ல சீழ்த்துணியா" என்று செல்லத்தாய் முதல் நாள் சண்டை பிடித்தாள். இரண்டாம் வாரம் துணிக்கென்று தனிக் குக்கர் ஒன்றை, காதுகுத்துக்கு வந்ததை, பரணிலிருந்து அவளே இறக்கிக் கொடுத்தாள்.

காளிராஜ் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டேப்பைக் காணோம்?"

"டேப்பு வேண்டாம். நீங்க கேளுங்க, நான் சொல்லுதேன்."

"எம்புட்டு நேரம் வச்சீரு?"

"அரை மணி."

"முழுசா?"

"முழுசா."

காளிராஜ் காலை நீட்டினார். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் இந்தக் கேள்வி பதில் நடந்தது. இரண்டு வருடம் கழித்தும் கேள்வியின் குரலில் சந்தேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. மன்னித்தேன் என்ற வார்த்தையையும் அவர் சொல்லவில்லை. டவுன் பஸ் கண்டக்டர்கள், இது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

1998 தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஐயாதுரை வெறுங்கையோடு வந்தார். முகத்தில் வியர்வை.

"இன்னைக்குத் துணி இல்ல. இருபதாவது நிமிசத்துல கேஸ் தீந்துபோச்சு. அடுத்த சிலிண்டர் திங்கக்கிழமைதான்."

காளிராஜின் கால் அன்று நன்றாகவே புண்ணாகியிருந்தது. கழற்றி வைத்துவிட்டு ஊதிக்கொண்டிருந்தார். "இருபது நிமிசம் வெந்தது போதாதாவே? எடுத்துட்டு வந்திருந்தா எனக்கா தெரியப் போகுது?"

"ஒங்களுக்குத் தெரியாது."

"பொறவு?"

"போதாது."

காளிராஜ் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு செயற்கைக் காலை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளினார்.

"அப்ப இன்னைக்கு இது வேண்டாம். தோளைக் குடும்."

ஐயாதுரைக்கு அப்போது ஐம்பது வயது. மூட்டை தூக்கி இடுப்பும் பிடித்திருந்தது. இருந்தும் சைக்கிளை மிதித்தார், கொடிமரம்வரை தோள் கொடுத்தார், அரை மணி நேரம் நின்றார். திரும்பி வரும்போது காளிராஜ், துளசி இரண்டு இலையை நீட்டி, நினைவு வந்தவராகக் கையை இழுத்துக்கொண்டு, தாமே வாயில் போட்டு மென்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை டப்பா வந்தது. காளிராஜ் உடனே காலை நீட்டவில்லை.

"எம்புட்டு நேரம் வச்சீரு?"

"அரை மணி."

"முழுசா?"

"முழுசா" என்றார் ஐயாதுரை, மூடியைத் திறந்துகொண்டே.